அந்நியரிடம் கேட்ட கேள்விகள்



அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில், அத்தேனே பட்டணத்தைப் பற்றி லூக்கா ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறார். அவ்வூராரும் அங்கே வந்து தங்கிய அந்நியரும் புதுமையானவற்றைச் சொல்வதிலும் கேட்பதிலுமே தங்கள் நாட்களைக் கழித்தார்கள் என்பது 21-ஆம் வசனத்தின் கருத்து. அதை வாசிக்கிற நாம் பெரும்பாலும் ஒரு கண்டனமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் 1691-இல் லண்டன் மாநகரில் புத்தகம் விற்றுவந்த ஒருவர், தாம் தொடங்கிய பத்திரிகையின் தலைப்பை அதே வசனத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 'அத்தீனியன் மெர்குரி' என்பது அதன் பெயர். பெயர் சொல்லாதவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெயர் சொல்லாதவர்கள் பதில் எழுதுவதே அதன் பணி. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவில் கைபேசியின் வெளிச்சத்தில், முன்பின் அறியாதவர்களிடம் தங்கள் மனதிலிருப்பதைக் கேட்கிறார்கள் அல்லவா? அவ்வழக்கத்தின் மூதாதைகளுள் ஒன்று இந்தப் பத்திரிகை.

அந்தப் புத்தக வியாபாரி ஜான் டன்டன். 1659-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். போல்ட்ரி என்னும் வீதியில் கடை வைத்திருந்தார். இத்தகைய பத்திரிகை நடத்தும் எண்ணம் தமக்கு எப்படி வந்தது என்பதை 1705-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அவரே விவரித்திருக்கிறார். ஒருவர் தமக்கு இழைத்த பெருந்தீங்கு அவர் உள்ளத்தை வாட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு முயன்றும் அதை மறக்க இயலவில்லை. ஒரு குருவானவரிடம் சென்று சொல்லலாம் என்று சில வேளைகளில் நினைத்தார். ஆனால் தம்மையும் வெளிப்படுத்தாமல், தமக்குத் தீங்கு செய்தவரையும் வெளிப்படுத்தாமல் எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் தடைப்பட்டு நின்றார். இந்தக் கலக்கத்தோடு நண்பர் இருவருடன் செயின்ட் ஜார்ஜ் வெளியில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றுவிட்டாராம். ஐம்பது கினி பொன் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டாத ஓர் எண்ணம் தமக்குத் தோன்றியிருப்பதாக அவர்களிடம் சொன்னாராம்.

டன்டன் தேர்ந்த வியாபாரி; இதில் லாபம் உண்டு என்பதையும் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டிருப்பார். ஆயினும் அவர் சொல்லும் காரணத்தை நான் எளிதில் கடந்து போக முடியவில்லை. மனம் நொந்த ஒரு விசுவாசி குருவானவரின் வாசல்வரை எண்ணத்தால் போகிறார். உள்ளே நுழைய முடியாமல் திரும்பி விடுகிறார். அங்கேதான் இப்பத்திரிகை பிறந்தது.

திருச்சபைச் சீர்திருத்தத்திற்குப் பின் இங்கிலாந்தின் சாதாரண மக்களிடம் பாவ அறிக்கைக்காகக் குருவினிடம் செல்லும் பழைய வழக்கம் பெரிதும் அற்றுப்போயிற்று. ஆனால் மனச்சாட்சியின் சிக்கல்கள் அதனுடன் அற்றுப்போகவில்லை. எனவே தூய்மைவாதப் போதகர்கள் 'மனச்சாட்சியின் வழக்குகள்' என்ற வகையில் பிரசங்கங்களும் நூல்களும் எழுதினார்கள். ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1673-இல் இதற்கென்றே மிகப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே, லண்டன் கிரிப்பிள்கேட்டில் ஊழியம் செய்த சாமுவேல் அன்ஸ்லி, 1661-இல் பல போதகர்களுடைய இத்தகைய பிரசங்கங்களைத் தொகுத்து அச்சிட்டார். மறு ஆண்டே அரசின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தினால் அவர் தம் ஆலயத்தை இழந்தார். இந்த அன்ஸ்லியின் மகள் எலிசபெத்தைத்தான் டன்டன் மணந்தார். மாமனார் பிரசங்க பீடத்தில் செய்ததை மருமகன் காபிக்கடையில் செய்யத் தொடங்கினார் என்று சொன்னால் அது முழு உண்மையும் அல்ல, முழுப் பொய்யும் அல்ல.

1691 மார்ச் 17 அன்று முதல் இதழ் வெளிவந்தது. இருபுறமும் அச்சிட்ட ஒற்றைத்தாள். விலை ஒரு பென்னி. வாரத்தில் செவ்வாயும் சனியும் வெளிவரும். கேள்வி கேட்க விரும்புவோர் ஸ்டாக்ஸ் மார்க்கெட் அருகிலிருந்த ஸ்மித் காபிக்கடைக்குக் கடிதம் எழுத வேண்டும். (அந்தச் சந்தை இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில் லண்டன் மேயரின் மாளிகை எழும்பிற்று.) 1680-இல் ஏற்பட்ட பென்னித் தபால் நகருக்குள் ஒரு பென்னிக்குக் கடிதத்தைக் கொண்டு சேர்த்தது. ஆக, ஒரு பென்னிக்குக் கேட்கலாம், ஒரு பென்னிக்குப் பதிலை வாசிக்கலாம். முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பெண்களும் கேட்கலாம் என்று முதல் ஆண்டிலேயே அறிவித்தார்கள். பெண்களின் கேள்விகளுக்கென்றே மாதத்தில் ஓர் இதழையும் ஒதுக்கினார்கள். கடிதங்கள் வெள்ளமாக வந்தன. 1697-இல் பத்திரிகை நிற்கும்வரை 500-க்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன.

என்னதான் கேட்டார்கள்? கல்லறையில் கிடந்த நான்கு நாட்களும் லாசருவின் ஆத்துமா எங்கே இருந்தது? ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நல்ல தூதனும் ஒரு கெட்ட தூதனும் உண்டா? நரகத்தில் வேதனைப்படுகிறவர்களைப் பரலோகத்திலிருக்கும் பரிசுத்தவான்கள் காண்பார்களா? சந்திரனில் கறைகள் ஏன்? தெள்ளுப்பூச்சி கொட்டுகிறதா, கடிக்கிறதா? பெண்கள் கல்வி கற்பது தகுமா? நான் கனவு காண்கிறேனா விழித்திருக்கிறேனா என்பதை எப்படி அறிவேன்? இவற்றினூடே வேறு வகைக் கடிதங்களும் வந்து விழுந்தன. ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வேறொருத்தியை விரும்புகிறவர்கள், பெற்றோருக்குத் தெரியாமல் மணந்தவர்கள், தொழில் பழகும் இடத்தில் எஜமானோடு ஒத்துப்போகாத இளைஞர்கள், செய்த சத்தியம் தங்களைக் கட்டுமா என்று தூக்கமின்றித் தவித்தவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் நல்லவை அல்ல. கணவன் மனைவியை அடிக்கலாமா என்ற கேள்வி முதல் இதழிலேயே இருந்தது. கூடாது என்ற ஒரே சொல்லில் முடித்திருக்க வேண்டிய பதில் அது. அவர்களோ, அடிக்கலாம் என்று சொல்வது பெண்களுக்கு வருத்தம் தரும் என்று பணிவாகத் தொடங்கி, உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் உறுப்பையே அறுத்தெறிவது உண்டு என்ற உவமையை நாடி, கதவை முழுவதும் மூடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை எழுதியது அடித்த கையா, அடிபட்டவளா, காபிக்கடையில் பொழுது போக்கிய ஒருவனா? பதில் எழுதியவர்களுக்குத் தெரியாது. அடிபட்டவள் ஒருத்தி எதிரே அமர்ந்திருந்தால் அந்த உவமையை அவர்கள் சொல்லியிருப்பார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆயினும் அக்கடிதங்களை எழுதினவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊழியத்தில் சில ஆண்டுகளைக் கழித்த எவருக்கும் ஒரு வாக்கியம் பழக்கமாயிருக்கும்: "ஐயரே, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு பிரச்சினை." அந்த 'தெரிந்த ஒருவர்' யார் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அது பொய் அல்ல, ஒரு திரை. நம் சபைகளில் அத்திரை ஏன் தேவைப்படுகிறது என்பதையும் நாம் அறிவோம். ஒரு தாய் தன் மகளைப் பற்றி ஒருவரிடம் மனம் திறந்து சொன்னது, அடுத்த வாரமே ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் நான்கு வீடுகளின் வாசலில் நிற்கிறது. அப்படி ஒருமுறை சுடப்பட்டவர், தம் பெயரை அறியாத ஒருவரைத் தேடிப் போவதில் வியப்பு என்ன?

இனி, பதில் எழுதியவர்களைப் பார்ப்போம். 'அத்தீனியன் சங்கம்' என்ற பெயரில் கற்றறிந்தோர் பலர் கூடி ஆராய்ந்து பதில் தருவதாகவே வாசகர்கள் நம்பினார்கள். இளைஞரான ஜோனதன் ஸ்விஃப்ட்டும் நம்பி, 1692-இல் அச்சங்கத்தைப் புகழ்ந்து ஒரு நெடும்பாடலே எழுதியனுப்பினார். உண்மையில் அச்சங்கத்தில் மூவரே இருந்தார்கள்: டன்டன், ரிச்சர்ட் சால்ட் என்னும் கணித ஆசிரியர், சாமுவேல் வெஸ்லி என்னும் இளம் குருவானவர். ஜான் நாரிஸ் என்ற தத்துவ அறிஞர் அவ்வப்போது உதவினார். 1691 ஏப்ரல் 10 அன்று மூவரும் ஸ்மித் காபிக்கடையில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

சால்ட்டின் கதை துயரமானது. தேவன் தன்னைக் கைவிட்டார் என்ற நம்பிக்கையின்மையில் மரித்த ஒருவனுடைய கடைசி நாட்களின் பதிவு என்று சொல்லி, 1693-இல் அவர் ஒரு கையெழுத்துப் பிரதியை டன்டனிடம் கொடுத்தார். அது அச்சேறிப் பெருமளவில் விற்றது. அப்படி ஒரு மனிதன் இருந்ததில்லை என்பது பின்னர் தெரியவந்தது. சால்ட் தம்முடைய சொந்த ஆத்துமாவின் வேதனையைத்தான் வேறொருவன் பெயரில் எழுதிவிட்டார் என்ற முடிவுக்கு டன்டன் வந்தார். ஊராரின் மனச்சாட்சிக்கு வாரம் இருமுறை பதில் சொன்னவர், தம் மனச்சாட்சியைத் திறக்க ஒரு கற்பனை மனிதனை உண்டாக்க வேண்டியிருந்தது. 1702-இல் கேம்பிரிட்ஜில் வறுமையில் அவர் இறந்தார்.

சாமுவேல் வெஸ்லி, அன்ஸ்லியின் மற்றொரு மகளான சூசன்னாவின் கணவர்; அதாவது டன்டனின் சகலை. லிங்கன்ஷயர் மாவட்டத்தில் சவுத் ஆர்ம்ஸ்பி என்ற சிற்றூரின் போதகராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். ஆண்டுக்கு 50 பவுன் வருமானம், பெருகிவரும் குடும்பம். பத்திரிகை தந்த பணம் அவருக்குத் தேவையாயிருந்தது. அங்கிருந்து எப்வொர்த் என்ற ஊருக்கு மாறினார். பத்திரிகை நின்று சில ஆண்டுகளுக்குப் பின் அவர் வீட்டில் நடந்ததைச் சபை வரலாறு மறைக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் மன்னர் வில்லியமுக்காக அவர் ஏறெடுத்த விண்ணப்பத்திற்கு மனைவி 'ஆமென்' சொல்லவில்லை. வில்லியமை உரிமையுள்ள மன்னராக சூசன்னாவின் மனச்சாட்சி ஏற்கவில்லை. வெஸ்லி கோபத்தோடு மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்து போனார். கணவன் மனைவி பிணக்குகளுக்கு அச்சில் தீர்வு சொல்லிக்கொண்டிருந்த பத்திரிகையின் ஆசிரியர்களுள் ஒருவர் அவர்! சூசன்னா என்ன செய்தார்? வெளியூரிலிருந்த லேடி யார்பரோ என்ற பெண்மணிக்கும், பேராயர் ஜார்ஜ் ஹிக்ஸுக்கும் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். அவருக்கும் சொந்த ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை; அவருடைய போதகரே அவருடைய கணவர்.

1702-இல் மன்னர் இறந்தார். அந்த ஆண்டிலேயே கணவனும் மனைவியும் ஒப்புரவானார்கள். 1703 ஜூன் மாதத்தில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஜான் வெஸ்லி.

தந்தையின் பத்திரிகையை மனதில் வைத்துத்தான் மகன் தம் சங்கங்களை அமைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வீட்டிலிருந்து இரண்டு வழிகள் புறப்பட்டன என்பதைப் பார்க்கிறேன். 1742-இல் பிரிஸ்டல் நகரத்தில் பிரசங்க மண்டபத்தின் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பேற்று, வீடு வீடாகப் போய்க் காசு வாங்கினார்கள். கொடுக்க இயலாத ஏழைக்காகப் பொறுப்பாளரே தம் கையிலிருந்து போட்டார். காசு வாங்கப் போனவர்கள் அவ்வீடுகளின் நிலையைக் கண்ணால் கண்டார்கள்: குடியை, சண்டையை, துக்கத்தை. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் அந்த ஒரு பென்னியிலிருந்து வளர்ந்தன.

அதற்கும் முன்பே, 1738 டிசம்பர் 25 அன்று, 'பேண்டு' எனப்பட்ட சிறு குழுக்களுக்காக வெஸ்லி விதிகளை எழுதியிருந்தார். யாக்கோபு 5:16 அவற்றின் அடிப்படை. வாரம் ஒருமுறை கூட வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே. மணமானவரும் மணமாகாதவரும் தனித்தனியே. ஒவ்வொருவரிடமும் கேட்பதற்கென்று கேள்விகள் இருந்தன: சென்ற கூட்டத்திற்குப் பின் அறிந்து செய்த பாவம் எது, நேர்ந்த சோதனை எது, அதிலிருந்து எப்படி மீண்டீர், பாவமோ அல்லவோ என்று ஐயப்படும் நினைவோ சொல்லோ செயலோ உண்டா, இரகசியமாக வைத்துக்கொள்ள விரும்புவது ஏதும் இல்லைதானா. இவை காபிக்கடைக்கு வந்த எந்தக் கடிதத்தையும்விடக் கூர்மையான கேள்விகள். பெயர் தெரிந்த, முகம் தெரிந்த, மறுநாள் சந்தையில் எதிர்ப்படப்போகிற ஒருவர் அவற்றைக் கேட்டார்.

கேட்பவருக்கும் அவ்விதிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. குழுவில் ஒருவர் முதலாவது தம்முடைய ஆத்துமாவின் நிலையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அவர் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்கலாம்.