நடுக்குவாதத்தில் மருந்து தொடங்கும் காலம்: லெவோடோப்பாவைத் தள்ளிப்போடும் வழக்கம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தந்தைக்கோ தாய்க்கோ பார்க்கின்சன் நோய், அதாவது நாட்டு வைத்திய வழக்கில் நடுக்குவாதம் எனப்படும் வியாதி, கண்டிருப்பதாக நரம்பியல் வைத்தியர் உறுதி சொல்லி, லெவோடோப்பா மாத்திரைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்த பின்னர், அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, மாத்திரையை வாங்குவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் ஆலோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "இந்த மருந்து ஐந்து வருஷத்துக்குத்தான் கேட்கும், இப்போதே ஆரம்பித்துவிட்டால் பிற்பாடு என்ன செய்வது?" என்பது அவர்களுடைய கவலை. இதனை அவர்கள் அயலாரிடமிருந்து மட்டும் கேட்டறியவில்லை. வைத்தியர்களிலேயே ஒரு தலைமுறையினர் அவ்வாறு கருதி, அவ்வாறே போதித்தும் வந்தனர். பெற்றோரிடத்துள்ள பரிவினாலேயே மருந்தைத் தள்ளிப்போடும் மக்களின் நோக்கத்தில் யாதொரு குறையும் காண்பதற்கில்லை. ஆயினும், அக்கருத்துக்கு இன்று ஆதாரம் இல்லை என்பதும், மருந்து தொடங்கும் காலத்தை நிச்சயிக்க வேண்டியவை நோயாளியின் அன்றாட வாழ்வில் நேர்ந்திருக்கும் இடையூறும் அதைப்பற்றி அவர் தம் வாயால் கூறும் வார்த்தையுமே என்பதும் என் துணிபு.

லண்டன் நகரத்து வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேருடைய நிலையை விவரித்து 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில் நடுக்கத்தின் இயல்பையும் முன்குனிந்த நடையையும் தெளிவாகத் தீட்டியிருந்தபோதிலும், இவ்வியாதியின் காரணம் விளங்குவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தி, அவை அசைவற்றுக் கிடந்த நிலையில் லெவோடோப்பாவைக் கொடுத்து மறுபடியும் நடமாடச் செய்ததை 1957இல் வெளியிட்டார். 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தோரின் மூளையில், லெவோடோப்பாவிலிருந்து உண்டாகும் டோபமின் என்னும் பொருள் பெரிதும் குன்றியிருந்ததை நிலைநாட்டினர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே மருந்தைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்களும் எழுந்து நடக்கக்கூடும் என்று காட்டினார். மூளையை அடையுமுன்பே மருந்து விரயமாகாதபடி தடுக்கும் கார்பிடோப்பா அதனுடன் சேர்க்கப்பட்ட பின்னர், குமட்டலும் குறைந்தது, வேண்டிய அளவும் குறைந்தது. நம்மூர் மருந்துக் கடைகளில் சிண்டோபா என்ற பெயரில் கிடைப்பது இந்தச் சேர்க்கையே. நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோப்பா இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம்' என்று அந்தச் சூரணத்தை நாடுவோர், தாம் தவிர்க்க எண்ணிய பொருளையே அளவு தெரியாமல் உட்கொள்ளுகின்றனர்.

அச்சம் பிறந்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. மருந்தைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருமுன்பே வடிந்துபோவதையும், பலன் உச்சத்தில் இருக்கும்போது கைகால்களும் கழுத்தும் தாமாகவே நெளிந்து அசைவதையும் வைத்தியர்கள் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களுக்கு லெவோடோப்பா தீங்கு செய்வதாகவும் தெரியவந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள், மருந்தே மூளையைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, இயன்றவரை காலம் தாழ்த்துவதே விவேகம் என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. அன்று கைவசமிருந்த சான்றுகளைக் கொண்டு அவர்கள் வேறு விதமாக முடிவு செய்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ஐயத்தை நேரடியாகப் பரிசோதித்த முதற் பேராய்வு, ஸ்டான்லி ஃபான் தலைமையில் நடந்து 2004இல் வெளிவந்த எல்டோப்பா ஆய்வு. 361 நோயாளிகள் நான்கு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வெற்று மாத்திரையும், ஏனையோர் நாளொன்றுக்கு 150, 300, 600 மி.கி. லெவோடோப்பாவும் 40 வாரம் உட்கொண்டு, பின்னர் இரண்டு வாரம் மருந்தை நிறுத்திவைத்துச் சோதிக்கப்பட்டனர். மருந்து நோயை விரைவுபடுத்துவதாக இருந்தால், நிறுத்திய பின் அவர்கள் நிலை மற்றவர்களினும் மோசமாகியிருக்க வேண்டும். ஆனால் நல்ல நிலையிலேயே இருந்தனர். மூளையைப் படம்பிடித்த சோதனை மட்டும் இதற்கு மாறான சாயலைக் காட்டியமையாலும், 600 மி.கி. உட்கொண்டவர்களிடம் தன்னிச்சை அசைவு மிகுந்து காணப்பட்டமையாலும், விவாதம் அத்துடன் முடியவில்லை.

என் அபிப்பிராயத்தில் இவ்விவாதத்தின் மையமான பிரமாணம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கானா நாட்டில், மருந்து கிடைப்பதன் அருமையாலும் விலையாலும், நோய் தோன்றிச் சராசரி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே லெவோடோப்பா பெற்ற 91 நோயாளிகளை, சராசரி இரண்டரை ஆண்டுக்குள்ளாகவே அதைப் பெற்ற இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு, ரோபர்ட்டோ சிலியாவும் அவர் துணைவர்களும் 2014இல் எழுதினர். மருந்தைச் செலவழிக்காமல் காத்திருந்தால் பிற்காலத்துக்கு நன்மை உண்டு என்ற கொள்கை மெய்யாக இருந்தால், கானா மக்களுக்குப் பலன் வடிதலும் தன்னிச்சை அசைவும் பிந்தி வந்திருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை. நோய் தோன்றியதிலிருந்து கணக்கிட்டால், இரு நாட்டாருக்கும் அவ்வுபாதைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. தாமதித்துத் தொடங்கியவர்களுக்கு மருந்தின் சுகமான ஆண்டுகள் குறைந்தன, அவ்வளவே. நோய் எத்தனை ஆண்டு முதிர்ந்தது என்பதும், உடல் எடைக்கு எவ்வளவு மருந்து செல்கிறது என்பதும் அவ்வுபாதைகளை நிர்ணயித்தனவே அல்லாமல், மருந்து உட்கொண்ட காலத்தின் நீளம் நிர்ணயிக்கவில்லை. நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள உயிரணுக்கள் நோயினால் அழிய அழிய, டோபமினைத் தாங்கிவைத்து வேண்டும்போது வெளியிடும் ஆற்றல் மூளைக்குக் குறைகிறது. குறையவே, உடல் அந்தந்த வேளை மாத்திரையை மட்டுமே நம்பி இயங்க நேர்கிறது. ஆகவே லெவோடோப்பாவின் பலன், குதிரில் கொட்டிய நெல்லைப் போல இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு மிஞ்சியிருக்கும் பண்டம் அன்று.

இதற்கு மறுதலையான ஆசையும் உண்டு: உடனே தொடங்கினால் நோய் தடைப்படும் என்பது. நெதர்லாந்தில் 445 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான லீப் ஆய்வு அதற்கும் இடம் தரவில்லை. உடனே தொடங்கியவர்களும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களும் 80ஆம் வாரத்தில் ஒரே நிலையில் இருந்தனர். தன்னிச்சை அசைவிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஆனால் காத்திருக்கும் பிரிவில் வைக்கப்பட்டவர்களுள் ஐவரில் இருவர் அளவினர், உபத்திரவம் தாங்காமல் குறித்த காலத்துக்கு முன்பே மருந்தை வேண்டிப் பெற்றனர் என்பது, மக்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய செய்தி.

தாமதத்தால் சேமிப்பும் இல்லை, விரைவால் பாதுகாப்பும் இல்லை என்றான பின், எஞ்சி நிற்பது வாழ்க்கையின் தேவை ஒன்றே. இடது கை விரல்களில் மட்டும் ஓய்வு நேரத்தில் நடுக்கம் காணும் ஒருவர், தம் காரியங்களையெல்லாம் வலது கையால் தடையின்றிச் செய்து, தினந்தோறும் வேகமாக நடந்து வந்து, 'எனக்கு இது ஒரு பொருட்டில்லை' என்பாராயின், அவர் காத்திருப்பதில் குற்றமில்லை. மற்றொருவரோ ஓய்வூதியம் பெறும் ஆசிரியர். நடுக்கம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் வங்கியில் கையெழுத்திடும்போது முதல் எழுத்து வழக்கமான அளவில் விழுந்து, அடுத்தடுத்த எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கோடாக இழுபட்டு, கையொப்பம் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வருகிறது. பூத் தொடுப்பதில் கை தேர்ந்த தாய் ஒருத்தி, நாரைச் சுற்றி முடிச்சை இறுக்கும் அந்த ஒரு கணத்தில் விரல் நின்றுபோவதைக் கண்டு, 'கண் சரியாகத் தெரியவில்லை' என்று சொல்லிக் கூடையை ஒதுக்கி வைக்கிறாள். வெளியாருக்கு நடுக்கம்தான் நோயின் அளவுகோல். இவர்களுக்கோ இயக்கம் மந்தித்ததே நோய், லெவோடோப்பா நன்கு திருத்துவதும் அம்மந்தத்தையே. பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறியும், இயக்கக் குறைகள் வாழ்வின் தரத்தைப் பாதிக்கும்போது தொடக்க நிலையிலேயே லெவோடோப்பாவை அளிக்குமாறு கூறுகிறது.

லெவோடோப்பாவைத் தவிர்ப்பதற்காக வேறு மருந்துகளில் தொடங்குவது பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை இளவயதினருக்குப் பொருந்தலாம். முதியோருக்கு மாயத்தோற்றத்தையும் தூக்க மயக்கத்தையும், சிலருக்குச் சூதாட்ட வேட்கையையும் கட்டுக்கடங்காத செலவையும் உண்டாக்குவன. டிரைஹெக்சிபெனிடில் முதியவரின் நினைவையே கலக்கிவிடும். பிரிட்டனில் 1,620 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், நடமாட்டத்தைப் பொறுத்தவரை லெவோடோப்பாவில் தொடங்கியவர்களே, சிறிய அளவிலேனும் நீடித்த மேன்மை பெற்றனர்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று செய்ய வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குச் சின்னரிசின், வாயுத் தொல்லைக்கு லெவோசல்பிரைடு கலந்த மாத்திரை என முதியோர் மாதக்கணக்கில் விழுங்கும் சில மருந்துகள், பார்க்கின்சன் நோயை அச்சாக ஒத்த நிலையைத் தாமே தோற்றுவிக்கக் கூடியவை. அத்தகைய மாத்திரையை வைத்தியர் நிறுத்தியதும் சில மாதங்களில் நடை திரும்பப்பெற்றவர்கள் உண்டு. வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் வைத்தியருக்குக் காட்டாமல் லெவோடோப்பாவைத் தொடங்குவது முறையாகாது. தொடங்கிய பின்னர் யாரிடமும் கேளாமல் திடீரென்று நிறுத்துவதோ கடுஞ்சுரமும் உடல் விறைப்பும் தோற்றுவித்து உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

நம் குடும்பங்களில் பெற்றோரின் நோய்ப் பெயரையே அவர்களிடம் மறைத்து, வைத்தியர் அறையில் மகனோ மகளோ எல்லா வினாக்களுக்கும் விடையளித்து, மருந்து வேண்டும் வேண்டாம் என்பதையும் தாங்களே தீர்மானித்துவிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அது அன்பின் மிகுதியால் வந்தது என்பதை மறுப்பார் இல்லை. எனினும் படிவம் திரும்பி வந்த அவமானத்தையும், கூடையை ஒதுக்கிய துயரத்தையும் மகன் அறியான், அறிந்தவர் ஒருவரே. ஆகவே மக்களை நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த முறை வைத்தியர் முன் அமரும்போது, இந்த நோயால் எந்தக் காரியம் கைவிட்டுப்போயிற்று என்ற வினாவை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்கச் செய்யுங்கள், அவர் விடை சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், இடையில் நீங்கள் பேசாதிருங்கள்.