அடிக்கணக்கில் ஓட்டு

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கடைத்தெருவின் கட்டட உரிமையாளர்கள் கூடி, வட்டாரத்தைத் தாங்களே சீர்படுத்துவது என்று முடிவெடுத்தால் முதலில் உருவாகும் ஆவணம் ஒரு மனு. அதில் உரிமையாளர் பெயர், மனை எண், ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஆகியவை இருக்கும். பக்கத்திலேயே ஒரு விழுக்காடு, புள்ளிக்குப் பின் சில இலக்கங்களோடு. மனுவைச் சரிபார்ப்பவர் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று பார்ப்பதில்லை. அந்த விழுக்காடுகளைத்தான் கூட்டுகிறார். 'கம்யூனிட்டி பெனிஃபிட் டிஸ்ட்ரிக்ட்' என்று அங்கே வழங்கும் இந்த ஏற்பாட்டின் கோப்புகளில் என்னை நிறுத்தி வைத்தது அந்த விழுக்காட்டு நிரல்தான். ஆளை விட்டுவிட்டுப் பணத்தை எண்ணலாம் என்று யார், எப்போது எழுதி வைத்தார்கள்?

ஏற்பாடு இதுதான். வட்டாரத்தின் மொத்தக் கட்டணத்தில் 30 விழுக்காட்டைச் செலுத்தப்போகும் உரிமையாளர்கள் மனுவில் ஒப்பமிட்டால் போதும், நகரம் வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பும். பொது விசாரணைக்குக் குறைந்தது 45 நாள் முன்பே சீட்டு அஞ்சலில் போயாக வேண்டும். திரும்பி வந்த சீட்டுகள் மட்டுமே கணக்கு. ஒவ்வொன்றின் எடையும் அந்த மனையின் கட்டணம். எதிர்ப்பின் எடை ஆதரவின் எடையை மிஞ்சவில்லை என்றால் நகர மேற்பார்வையாளர் குழு வட்டாரத்தை நிறுவலாம். அதன்பின் எதிர்த்தவர் உட்பட எல்லாரும் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும், 15 ஆண்டு வரையிலும்கூட. அந்தப் பணத்தில் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு நடைபாதை கழுவும், குப்பை அள்ளும், சுற்றுக்காவலுக்கு ஆள் வைக்கும். டெண்டர்லாயின் போன்ற, வாடகைக்காரர்களே நிறைந்த பகுதியில் இப்படி ஒரு வட்டாரம் 2005இல் வந்தது. அங்கே ஒற்றை அறையில் குடியிருப்பவருக்குச் சீட்டு வராது. அவர் இருக்கும் கட்டடத்துக்கு வரும்.

விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் விரல் உடனே ஒரு பக்கம் நீளும்: 1996 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவு. 1978இல் 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காடாகக் கட்டிப்போட்டதும் உள்ளூராட்சிகள் தனிக் கட்டணங்கள் பக்கம் திரும்பின. அந்த வாசலுக்கும் பூட்டுப் போட வந்ததே 218. சீட்டின் எடை கட்டணத்தின் விகிதப்படி என்று அரசியல் சட்டத்திலேயே அது எழுதி வைத்திருக்கிறது. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் சொத்து உரிமையாளர் வட்டாரங்களுக்கான மாநிலச் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. அதன் மனுவும் கட்டணத்தில் பாதிக்கு மேல் செலுத்துபவர்களின் கையெழுத்தைத்தான் கேட்கிறது (30 விழுக்காடு என்பது சான் பிரான்சிஸ்கோவின் சொந்த விதி). ஏற்கெனவே இருந்த பழக்கத்தை 218ஆம் முன்மொழிவு கல்வெட்டாக்கியது, அவ்வளவே.

அடுத்த தடயம் டொரான்டோவை நோக்கிப் போகிறது. உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ், 1970. சுரங்க ரயில் வந்து டிராம் போனதும் தெருவில் இறங்கி நடக்கும் கூட்டம் குறைந்தது. புறநகர்ப் பேரங்காடிகள் மிச்சத்தை இழுத்துக்கொண்டன. விளக்கும் பூந்தொட்டியும் வைக்கச் சிலர் பணம் போட, மற்றவர்கள் ஓசியில் பயன்பெற்றார்கள். எனவே எல்லாரும் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்டு வாங்கினார்கள். கட்டாயக் கட்டணம் என்ற யோசனைக்கு இங்கே நல்ல வேர் இருக்கிறது. எடை போட்ட வாக்குக்கு இல்லை. கட்டியவர்கள் கடைக்காரர்கள். இன்றைய ஒன்டாரியோ சட்டத்திலும் வாடகைக்குக் கடை நடத்துபவர் உறுப்பினரே. எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.

இதில் ஒரு கிளைக்கதை. டொரான்டோவுக்கு ஐந்தாண்டு முன்பே, 1965இல், கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. கடைவீதி வணிகர்களிடம் வசூலித்து வாகன நிறுத்தம், அலங்காரம், பொது இடத்தில் இசை ஆகியவற்றுக்குச் செலவிடலாம் என்கிறது. 'உலகின் முதல்' என்ற பட்டத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் சட்டம் இது. ஆனால் அதிலும் பணம் வணிகத்திலிருந்துதான் வருகிறது, மண்ணிலிருந்து அல்ல.

ஆக, பூந்தொட்டியின் வம்சம் வேறு, வாக்குச்சீட்டின் வம்சம் வேறு. இரண்டாவதைத் தேடி வணிகச் சட்டங்களை மூடிவிட்டுத் தெருப் போடும் சட்டங்களைத் திறக்க வேண்டியிருந்தது. 1911இன் மேம்பாட்டுச் சட்டம் எதிர்ப்பை நில அளவால் நிறுக்கிறது. அதற்கும் முன்னே 1885இன் வ்ரூமன் சட்டம். கல் பாவவும் சாக்கடை தோண்டவும் நகரம் தீர்மானித்தால், தெருவைப் பார்த்த மனைகளின் மொத்த முகப்பு நீளத்தில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் எழுத்தில் மறுப்புக் கொடுத்து வேலையை நிறுத்தலாம். தலைக்கு அல்ல, அடிக்கு ஒரு குரல். செலவும் அடிக்கணக்கில்தான் பங்கிடப்பட்டது.

அந்தக் காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். என் வாசலில் கல் பாவினால் என் மனையின் விலை ஏறும், கல் அங்கேயே கிடக்கும், யாரையும் விரட்டாது. ஆனால் சுற்றுக்காவலர் கல் அல்ல. யார் நடைபாதையில் உட்காரலாம், யாரை எழுப்பிவிடுவது என்பதை அவர் அன்றாடம் தீர்மானிக்கிறார். 1885இல் சாக்கடைக்கு அளந்த அளவுகோலை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் 1960களில் உறுதிப்படுத்திய நெறி. அதை இந்த எடை வாக்கு எப்படித் தாண்டியது? பதில் நகரத்தில் இல்லை, பருத்தி வயலில் இருக்கிறது. கலிபோர்னியாவின் துலாரே ஏரிப் படுகை நீர்ச்சேமிப்பு வட்டாரத்தில் 1,93,000 ஏக்கர் நிலம், 77 குடியிருப்போர். நில மதிப்பில் 100 டாலருக்கு ஒரு வாக்கு. ஜே.ஜி. பாஸ்வெல் நிறுவனத்திடம் மட்டும் 37,825 வாக்குகள். 1969 வெள்ளத்தில் வயல் மூழ்கிய சாலியர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. குறுகிய நோக்கமுடைய அமைப்பு, சுமையும் நிலத்தின் மேல்தான், ஆகவே நில உடைமையாளர் வாக்கே போதும் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் கடுமையாக மறுத்து எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 1998இல், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டார நிர்வாகக் குழுவில் உரிமையாளர்களுக்கே பெரும்பான்மை என்பதை எதிர்த்த கெஸ்லர் வழக்கு வந்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்க மறுத்தது. ஆதாரமாகக் கைகொடுத்தது அந்த ஏரிப் படுகைத் தீர்ப்புதான். மான்ஹாட்டன் மையத்துக்குப் பாசன வாய்க்காலின் சட்டம்!

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கலிபோர்னியச் சட்டம் வந்த அதே 1994இல் பால்டிமோரின் சார்ல்ஸ் வில்லேஜ் வட்டாரம், சான் பிரான்சிஸ்கோவில் வழங்குவது போன்ற பெயரோடு, தொடங்கியது. அங்கே வாக்காளர் பட்டியலில் உள்ள குடியிருப்போருக்கும் வாக்கு இருந்தது.

கலிபோர்னியாவில் அரசு நிலத்துக்கும் எடை உண்டு. 218ஆம் முன்மொழிவு அரசு மனைகளுக்குத் தானாக விலக்குத் தருவதில்லை. ஆகவே சான் பிரான்சிஸ்கோவில் நகரமே ஓர் உரிமையாளராக வாக்களிக்கிறது. நகரத்தின் சீட்டுகளை ஆதரவாகப் போட மேயருக்கு அதிகாரம் தரும் தீர்மானங்கள் மேற்பார்வையாளர் குழுவின் கோப்புகளில் இருக்கின்றன. தீர்ப்புச் சொல்பவரே சாட்சிக் கூண்டிலும் ஏறுவது போலத்தான். சான் டியேகோவில் இது வம்பானது. 2007இல் நிறுவிய கோல்டன் ஹில் வட்டாரத்தை 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. நகருக்குச் சொந்தமான நிலங்களுக்குத் தந்த வாக்கு எடைக்கு ஆதாரமில்லை. கட்டுபவர்களுக்குக் கிடைக்கும் தனிப் பயனையும் ஊருக்கே கிடைக்கும் பொதுப் பயனையும், கட்டணத்துக்குக் கணக்குக் காட்டும் பொறியாளர் அறிக்கை பிரிக்கவில்லை.

அதற்குப் பிந்தைய பொறியாளர் அறிக்கைகள் தடித்துவிட்டன. தெருவில் சும்மா நடந்து போகிறவர் பெறும் பயன் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு அதைத் தனியே கழிக்கிறார்கள். அந்தப் பங்கை உரிமையாளரிடம் வசூலிக்கக் கூடாது. புதிதாக வட்டாரம் திட்டமிடுபவர்கள் நன்கொடை, மானியம், விழா வருமானம் என்று வேறெங்காவது அதைத் தேடிக்கொள்ள வேண்டும்.