அறுவை அரங்கு இடையூறுகள்

அறுவை அரங்கு இடையூறுகள் என்பவை, அறுவை சிகிச்சை நடைபெறும்போது மருத்துவக் குழுவினரின் கவனத்தைக் கையிலுள்ள பணியிலிருந்து திருப்பும் நிகழ்வுகள் ஆகும். தொலைபேசி அழைப்பு, கதவு திறக்கப்படுதல், கருவி பழுதாதல், தொடர்பற்ற உரையாடல் முதலியன இவற்றுள் அடங்கும். பெரும்பாலான இடையூறுகள் தீங்கின்றிக் கடந்து செல்கின்றன. ஆனால் மருந்தளவு, பஞ்சு எண்ணிக்கை, நோயாளியின் அடையாளம் ஆகியவற்றைச் சரிபார்க்கும் வேளையில் நேரும் இடையூறு உயிரிழப்புக்கும் வழிவகுக்கலாம். எனவே இது நோயாளி பாதுகாப்புத் துறையின் முக்கிய ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகும்.

இடையூறு தவறாக மாறும் விதம்

பல படிகள் கொண்ட பணியைச் செய்பவர், அடுத்த படி எது என்பதைக் குறுகியகால நினைவில் வைத்திருக்கிறார். இடையில் வேறொன்றைக் கவனிக்க நேர்ந்தால் அந்நினைவு மங்குகிறது. திரும்பி வரும்போது ஒரு படி விடுபடலாம். அல்லது செய்த படியே மீண்டும் செய்யப்படலாம். மருந்தை ஊசிக்குழலில் ஏற்றியவர், பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்குள் அழைக்கப்படுவது இதற்கு எடுத்துக்காட்டாகும். இது அனுபவக் குறைவால் மட்டும் நேர்வதன்று. மனித நினைவின் இயல்பான வரம்பு ஆகும்.

ஆசுத்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள இரு மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து வழங்கிய முறை ஆராயப்பட்டு, முடிவுகள் 2010 இல் வெளியாயின. ஒவ்வோர் இடையூறும் மருத்துவத் தவறுகள் 12.7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புற்றிருந்தது. இவ்வாய்வு நோயாளர் விடுதிகளில் நடந்தது. அறுவை அரங்கைப் பொறுத்தவரை, 31 இதய அறுவைகளைக் கவனித்து 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பணியோட்டம் தடைப்படுவது கூடக்கூடத் தவறுகளும் கூடியதைக் காட்டியது. குழுவினரிடையே தகவல் பரிமாற்றம் பிசகுவதே தவறுகளோடு மிகுதியாகத் தொடர்புற்றிருந்தது.

வகைகள்

* ஒலி: செல்பேசி, எச்சரிக்கை மணிகள், உரத்த பேச்சு, இசை.
* ஆள் நடமாட்டம்: கதவு அடிக்கடி திறக்கப்படுவதால் கவனம் சிதறுவதோடு, அரங்கின் காற்றழுத்தம் மாறி வெளிக்காற்று உட்புகவும் வாய்ப்புண்டு.
* கருவிகள்: பழுது, தேவையான கருவி இல்லாமை, மின்தடை.
* பணி தொடர்பானவை: அடுத்த நோயாளி பற்றிய கேள்விகள், நடுவில் ஆள் மாறுதல்.

பஞ்சு எண்ணிக்கை

அறுவையில் பயன்படும் பஞ்சு, துணி, ஊசி, கருவிகள் ஆகியவை தொடக்கத்திலும், உடற்குழி மூடப்படுமுன்னும், தோல் தைக்கப்படும்போதும் எண்ணப்படுகின்றன. இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவதும், எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவதும் நல்ல வழக்கங்களாகும். எண்ணும்போது இடையூறு நேர்ந்தால், அப்பொருளை முதலிலிருந்து மீண்டும் எண்ண வேண்டும் என்பது விதி.

எண்ணிக்கை தவறுவதன் விளைவை இந்திய உச்ச நீதிமன்ற வழக்கொன்று காட்டுகிறது. 1963 இல் மகாராட்டிர மாநிலம் ஔரங்காபாத் (இன்றைய சத்திரபதி சம்பாசிநகர்) அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துணி ஒன்று விடப்பட்டது. மறு அறுவையில் அது எடுக்கப்பட்டபோதும் அவர் சில நாட்களில் இறந்தார். 1996 இல் வழங்கிய தீர்ப்பில், இதனைக் கவனக்குறைவு எனக் கொண்ட நீதிமன்றம், மாநில அரசே இதற்குப் பொறுப்பு என்றது.

விமானத்துறையின் விதி

1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க முயன்ற விமானம் விழுந்து நொறுங்கி 70 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். தரையிறங்கும் வேளையில் விமானிகள் பணிக்குத் தொடர்பற்ற பேச்சில் ஈடுபட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. இத்தகைய விபத்துகளின் விளைவாக 1981 இல் 'ஸ்டெரைல் காக்பிட்' விதி பிறந்தது. இதன்படி 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது பாதுகாப்புக்குத் தேவையற்ற பேச்சும் பணியும் விலக்கப்பட வேண்டும்.

மயக்க மருந்தியலில் புறப்பாடும் தரையிறக்கமும் போன்ற கட்டங்கள், மயக்கம் கொடுத்தலும் தெளிவித்தலும் ஆகும். 2011 இல் வெளியான ஆய்வொன்றின்படி மயக்கம் தெளியும் கட்டத்திலேயே அரங்கில் இரைச்சல் மிகுதியாக இருந்தது. அறுவை முடிந்தது என எண்ணி ஏனையோர் பேசத் தொடங்கும் அதே வேளையில், மயக்க மருத்துவருக்கு முழுக் கவனம் தேவைப்படுகிறது.

சரிபார்ப்புப் பட்டியலும் தில்லியும்

உலக சுகாதார அமைப்பு 2008 இல் 19 கூறுகள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. இது மயக்கம் கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அரங்கை விட்டு நீங்குமுன் என மூன்று இடங்களில் குழுவினரை நிறுத்துகிறது. எட்டு நாடுகளில் நடந்த சோதனையில் இந்தியாவிலிருந்து புது தில்லியின் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை பங்கேற்றது. அதுல் கவாண்டே குழுவினர் 2009 சனவரியில் வெளியிட்ட முடிவுகளின்படி, எட்டு மருத்துவமனைகளிலும் சேர்த்து இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வில், பட்டியல் கட்டாயமாக்கப்பட்டபின் குறிப்பிடத்தக்க இறப்புக் குறைவு காணப்படவில்லை. தாளில் குறியிடுவதற்கும், அனைவரும் கைவேலையை நிறுத்திக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

தேவையான இடையூறு

எல்லா இடையூறும் தீங்கானதன்று. சரிபார்ப்புப் பட்டியலே திட்டமிட்ட இடையூறு ஆகும். தவறான பக்கத்தில் அறுவை தொடங்கவிருப்பதைக் காணும் செவிலியர், மூத்த மருத்துவரை உடனே இடைமறிக்க வேண்டும். கீறுமுன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் எனப் பட்டியல் விதிப்பதன் நோக்கங்களுள் ஒன்று, இளையோரும் தயக்கமின்றிப் பேசுவதாகும். ஆகவே முழு அமைதி இத்துறையின் குறிக்கோள் அன்று. நெருக்கடியான கட்டங்களில் தேவையற்ற பேச்சை விலக்குவதும், எச்சரிக்கும் குரலுக்கு எப்போதும் இடமளிப்பதுமே குறிக்கோள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* நோயாளி பாதுகாப்பு
* மயக்க மருந்தியல்
* உலக சுகாதார அமைப்பு