பழைய செப்புக் காசு சேகரிக்க ஆசையா? குறைந்த செலவில் தொடங்குவது எப்படி?

மலாயில் பணத்தை 'டுவிட்' என்கிறோம். பேச்சுத் தமிழில் 'துட்டு'. இரண்டும் ஒரே செப்புக் காசிலிருந்து வந்தவை என்றால் நம்புவீங்களா?

18ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி நம் வட்டாரத்தில் புழங்கவிட்ட சின்னச் செப்புக் காசின் பெயர் 'டூயிட்'. மலாய்ச் சொல் அதிலிருந்து வந்தது. தமிழ்த் துட்டும் அங்கிருந்துதான் வந்தது என்பது பரவலான கருத்து. கம்பெனியின் வி, ஓ, சி எழுத்துகள் பின்னிய அந்தக் காசை இன்றும் வாங்கலாம். ஓரளவு தேய்ந்த ஒன்று, வயிறார ஒரு நாசி கண்டார் சாப்பிடும் விலையை ஒட்டித்தான் இருக்கும்.

200 வயதைத் தாண்டிய காசு எப்படி இவ்வளவு மலிவு?

வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. செப்புக் காசு சாமானியர்களுக்காக அடித்தது. உப்பு, வெற்றிலை வாங்கவும், கூலி கொடுக்கவும் கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. அதனால் மிஞ்சியதும் அதிகம்.

மதராஸுக்கென்று அடித்த காசின் கதையைக் கேளுங்கள். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பியது. உள்ளே டன் கணக்கில் புத்தம்புதிய செப்புக் காசுகள். 1808 என்று தேதியிட்ட 10 காசு, 20 காசு நாணயங்கள். கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கிக் கப்பல் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பாளர்கள் அவற்றை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். மதராஸ் சந்தையில் கைமாறியிருக்க வேண்டிய காசு, இப்போது உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களிடம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 'எக்ஸ்எக்ஸ் கேஷ்' என்று பொறித்திருக்கும். அந்த 'கேஷ்' வேறொன்றுமில்லை, நம்ம 'காசு'தான். போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

எதை முதலில் வாங்குவது?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீங்க. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நீங்கள் கெப்பாலா பத்தாஸில் இருந்தால், 'செபராங் பிறைக்கு வந்த தமிழர் கைகளில் எந்தக் காசெல்லாம் இருந்திருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் தானாக வந்துவிடும்.

1845ஆம் ஆண்டின் கால், அரை, ஒரு சென்ட் காசுகளில் விக்டோரியா தலையும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்ற பெயரும் இருக்கும், ஊர் பெயர் இருக்காது. 1862இல் 'இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்' என்று வந்தது. 1872லிருந்துதான் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்'. ஒரு சென்ட்டின் பெயர் மாறியதிலேயே, கல்கத்தாவின் கட்டுப்பாட்டிலிருந்து தனிக் குடியேற்ற நாடான கதை தெரிகிறது. பினாங்குக்கென்றே அடித்த 1810, 1825, 1828 காசுகளும் உண்டு. ஆனால் அவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், நல்ல நிலையில் இருந்தால் விலை கடிக்கும்.

வெளிநாட்டுக் காசில் எனக்குப் பிடித்த தொடக்கம் இரண்டு. ஒன்று, தாளிப்பனை மரம் பொறித்த இலங்கைச் சதம். தமிழ் எழுத்து உள்ள செப்புக் காசை இவ்வளவு சுலபமாக வேறெங்கும் பார்க்க முடியாது. மற்றது, 1943 முதல் 1947 வரை இந்தியாவில் வந்த ஓட்டைக் காலணா. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளை போட்டார்கள். (கறாராகச் சொன்னால் இது வெண்கலம். சேகரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில்தான் போடுவார்கள்.)

எங்கே தேடுவது? பட்டர்வொர்த் போய் ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். செம்பும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. பாட்டி குத்துவிளக்குக்குச் செய்வது வேறு, இது வேறு. பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. உலோகத்தின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்து அதைக் காக்கும் படலம். தேய்த்தால் பளபளக்கும், விலை பாதியாகும், படலம் திரும்பி வராது. தூசி இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒற்றி உலர்த்துங்கள். காசை ஓரத்தில் பிடியுங்கள், விரல் வியர்வை தடம் விடும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து கசிவது காசைப் பச்சையாக அரித்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம். பொடிப்பொடியாக வெளிர்பச்சைத் தூள் உதிரும் காசை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

ஏமாறும் இடங்கள்

அனுமன், லட்சுமி, ராமர் உருவத்தோடு '1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி அணா' என்று விற்பார்கள். கம்பெனி அப்படி ஓர் அணாவை வெளியிட்டதே இல்லை. பக்தியோடு வாங்கிப் பூஜையறையில் வைத்தவர்கள் நிறைய. இன்னும் மோசமானது 'ரைஸ் புல்லர்'. அரிசியை இழுக்கும் செப்புக் காசு, கோடிக்கு விலை போகும் என்று தமிழ்நாட்டில் பலரிடம் பணம் பறித்திருக்கிறார்கள். செம்பு எந்த அரிசியையும் இழுக்காது.

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது வாங்கலாமா?

இதைக் கவனியுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயதான நாணயமும் தொல்பொருள்தான். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். மதுரையில் ஒருவர் சோழர் காசு என்று கையில் திணித்தால், அது போலியென்றால் உங்கள் பணம் போச்சு. அசலென்றால் விமான நிலையத்தில் வம்பு. ஓட்டைக் காலணாவுக்கு இந்தத் தடை இல்லை. அதற்கு இன்னும் நூறு வயதாகவில்லை.