ட்ராமா: புண்ணா, வடுவா?

'ட்ராமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்பதே பொருள். உடலைத் துளைத்த புண்ணைக் குறித்த இந்த மருத்துவச் சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் குடிபெயர்ந்தது. ரயில் விபத்தில் கீறல்கூடப் படாமல் தப்பியவர்கள் ஏன் நடுங்குகிறார்கள் என்று மருத்துவர்கள் குழம்பிய காலம் அது. தமிழில் 'மன அதிர்ச்சி' என்று எழுதிவிடுகிறோம். அதிர்ச்சி கணநேரத்தில் தீர்ந்துவிடும், புண் அப்படியல்ல. 'மனவடு' இன்னும் பொருந்தும் என்பார்கள். ஆனால் வடு என்றால் ஆறிய புண்ணின் தழும்புதானே? வழக்கில் அப்படித்தான். வள்ளுவரோ இதைத் திருப்பிப் போடுகிறார்: தீ சுட்டது ஆறுவதால் புண், நாக்கு சுட்டது ஆறாததால் வடு என்று பரிமேலழகர் தம் குறள் உரையில் பிரித்துக் காட்டுவார்.

எந்தச் சொல் தாங்கும் என்று சோதிக்க, 2007இல் புக்கர் பரிசு பெற்ற அயர்லாந்து நாவலான ஆன் என்ரைட்டின் 'தி கேதரிங்' உதவும். அண்ணன் லியம், பையில் கற்களோடு பிரைட்டன் கடலில் இறங்கி உயிரை விடுகிறான். 1968இல் டப்ளினில், பாட்டி வீட்டில் அவனுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைத் தான் கண்டதாகத் தங்கை வெரோனிகா நினைக்கிறாள். உண்மையில் கண்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத நினைவைக் காயம் என்பது எப்படி என்று கேட்கலாம். தழும்பென்றால் தொட்டுக் காட்டலாம். இவளிடம் காட்ட ஒன்றுமில்லை, இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்து எழுதுவதைத் தவிர. வலி இருக்கிறது, இடம்தான் தெரியவில்லை. 'உள்காயம்' என்ற நம் பேச்சுவழக்குச் சொல்லே இதற்குப் போதும்.