கவலை ஓட்டுன காலத்துத் தூக்கம்

எங்க கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலத்துல கிணத்துத் தண்ணியை இறைச்சது கவலைதாங்க. மனக்கவலை இல்லை, ரெண்டு எருதும் சாலும் வடமும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு அதுதான் பேரு. விடியக் கருக்கல்ல பூட்டுனா வெயில் ஏறுனதும் அவுத்து விட்டுருவாங்க. மனுசனுக்காக இல்லை, மாடு தாங்காதுன்னுதான். மாடு நிழல்ல அசை போடுற நேரத்துல, ஓட்டுனவரும் துண்டை விரிச்சுப் படுத்துக்குவார்.

1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்தக் கரண்டு கோவைக்கு வந்து மில்லுகள் பெருகின. பிறகு கிணத்துக்குக் கிணறு மோட்டார் வந்தது. மின் கட்டணத்தை எதிர்த்து 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில பெரிய போராட்டம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டுல விவசாயிங்க உயிரே போச்சு. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைச்சது.

ஆனா மோட்டார் களைக்காதே! மும்முனைக் கரண்டை முறை வச்சு விட்டதால, பாதி ராத்திரியில வந்தாலும் எந்திரிச்சுப் போய் மடை மாத்தணும். இருட்டுல பாம்பு பயம் வேற. மறுநாள் பகல் வேலையும் நிக்காது. மாட்டோட களைப்பு போனப்ப நம்ம ஓய்வும் சேர்ந்தே போயிருச்சு.

உயிரைக் கொடுத்து வாங்கின கரண்டை நான் குறை சொல்லலைங்க. ராத்திரி தண்ணி கட்டினா, மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி நேரம் கட்டாயம் படுத்துருவேன். நீங்க ஊருக்கு வர்றப்ப, உச்சி வெயில்ல உங்க பெரியப்பா திண்ணையில தூங்கிட்டிருந்தா, சோம்பேறின்னு நினைச்சு எழுப்பிடாதீங்க.