நுண்ணுயிர்ப் பெருக்கமும் தொடர்வளர்ப்பு முறையும்

பெருகிக்கொண்டேயிருக்கும் ஒன்றை அளத்தல் எளிதன்று. மனிதர் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியா, உணவும் வெப்பமும் வாய்ப்பின் 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்க வல்லது. தடையின்றி 10 மணிநேரம் பெருகின் ஒன்று 107 கோடியாகும். ஆயின் மூடிய குடுவையில் இது நீடியாது, உணவு குறையும், கழிவு மிகும், பெருக்கம் ஓயும். அளக்கப் புகுவோன் காண்பது கணந்தோறும் மாறும் வேகமேயாம்.

இவ்விடர்ப்பாட்டை ஆராய்ந்தோருள் தலையாயவர் பிரான்சிய அறிஞர் சாக் மொனோ. பாரிசு நகர் செர்மானியப் படையின் பிடியில் இருந்தபோது, 1942 இல் வெளியிட்ட ஆய்வில், உணவின் செறிவு கூடப் பெருக்கவேகமும் கூடி, ஓர் எல்லையை அணுகி நிற்பதை அவர் நிறுவினார். 1950 இல் அவர் தொடர்வளர்ப்பு முறையை விளக்கினார். அதே ஆண்டிற் சிக்காகோவில் ஆரன் நோவிக்கும் லியோ சிலாட்டும் தனித்து அம்முறையை வகுத்து, தம் கருவிக்குக் கெமோஸ்ராற் எனப் பெயரிட்டனர்.

இதன் தத்துவம், பல்லேபொல வயற்புறங்களில் நீர்ப்பாய்ச்சல் கண்டோர்க்குப் புதிதன்று. வாய்க்கால்வழி நீர் வந்து சேர, மிகுநீர் வான்வழி வெளியேறக் குளத்தின் மட்டம் நிலைபெறும். அவ்வாறே கலத்தினுட் புதிய உணவுக்கரைசல் இடையறாது சொட்ட, அதேயளவு கரைசல் பற்றீரியாக்களோடு வெளியேறும். உணவுக்கூறுகளுள் ஒன்று மட்டும் அருமையாக வைக்கப்படும். உயிர்கள் மிகின் அக்கூறு குறைந்து பெருக்கம் தணியும். உயிர்கள் குறையின் அக்கூறு மிஞ்சிப் பெருக்கம் விரையும். ஈற்றிற் பெருகுவதும் வெளியேறுவதும் சமமாகும். ஆகவே, மணிக்குப் பாயும் அளவைக் கலத்திலுள்ள கரைசலின் அளவால் வகுப்பின் பெருக்கவீதம் பெறப்படும். ஓர் இலீற்றர் கரைசலுள்ள கலத்தில் மணிக்கு அரை இலீற்றர் பாயின், இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய 83 நிமிடமாம். பாய்ச்சல் உயிரின் உச்சவேகத்தைக் கடப்பின் யாவும் அடித்துச் செல்லப்படும்.

இக்கருவியால் நோவிக்கும் சிலாட்டும் பரம்பரை விகாரம் தோன்றும் வீதத்தை அளந்தனர். திரிப்டோபன் என்னும் அமினோவமிலத்தை அருகியூட்டிய வளர்ப்பில், பிரிவு விரைந்தாலும் தாமதித்தாலும், மணிக்குத் தோன்றும் விகாரவீதம் மாறாதிருந்தது. விகாரம் தலைமுறைக் கணக்கையே பற்றி நிற்பது என்னும் கருத்து இதனால் ஐயத்துக்குள்ளாயிற்று.

சிலாட் யாரெனில், 1933 இல் அணுக்கருத் தொடர்வினையை முதற் சிந்தித்தவர்; 1945 இல் யப்பானிய நகரங்கள்மீது அணுகுண்டு வீசுதலைத் தடுக்க விண்ணப்பம் திரட்டியவர். போரின்பின் அவர் உயிரியலை நாடினார். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும் கணக்கு ஈரிடத்தும் ஒன்றே. கட்டவிழ்ந்த பெருக்கம் நகரங்களை அழித்தது. கட்டுக்குள் நின்ற பெருக்கம் உயிரின் இயல்பை உரைத்தது. அறிவின் பயன் ஆற்றலைப் பெறுதலில் மட்டுமன்று, அதனை அளவில் நிறுத்துதலிலும் உளது.